வாய்க்காலுக்கு அங்கால ஒரு வாடி

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு உங்கள் அனுபவத்தில் இருந்து நாலு நல்ல விசயம் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். நல்ல விசயமெல்லாம் என்னுடைய பிரியாவிடைக் கூட்டத்தில் மற்றவர்களே சொல்லி முடித்துவிட்டார்கள். ஒருவர் என்னைத் தெய்வம் என்றுகூடச் சொன்னார். அதற்கு மூன்று மாதத்துக்கு முதல் லீவு விசயத்தில் என்னோடு சண்டை பிடித்துக் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனவர் அவர். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் வந்து இருந்தால் மனதில் நிற்பது அந்தப் புகழெல்லாம் இல்லை, தங்கச்சிமாரே. ஒரு வியாழக்கிழமை ஒரு பெண்ணிடம் நான் சொன்ன இரண்டு வசனம்தான் நிற்கிறது. அதையே பூசி மெழுகாமல் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அடுத்த ஆளிடம் நல்ல விசயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில். வேலை செய்த காலத்தில் பாதிக்கு மேல் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். காலையில் ஸ்கூட்டியைப் பாதையில் ஏற்றி வாவியைக் கடந்து போவேன். வெளியூரில் இருந்து வந்திருக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் வாகனம் ஏற்றும் தெப்பத்துக்குத்தான் பாதை என்று பெயர். நான் வேலை செய்த ஊரின் பெயரை எழுதமாட்டேன். இந்தக் கதையில் வருகிறவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். கொக்கட்டிச்சோலைத் திருவிழாவுக்குப் போயிருந்தால் வழியில் அப்படிப்பட்ட ஊர்களைக் கண்டிருப்பீர்கள். ஒரு பக்கம் வளவும் வீடும், மறுபக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வட்டை. வட்டை என்றால் வயல்வெளி. வெள்ளாமைக் காலத்தில் அங்கேயே வாடி என்கிற குடிசை போட்டுக் குடும்பத்தோடு தங்குகிறவர்களும் உண்டு.

எங்கள் வேலையை அரசாங்கம் எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்று உங்களுக்குப் பயிற்சியில் படிப்பித்திருப்பார்கள். மேலே பிராந்தியப் பணிமனை. அதற்குக் கீழே சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனை. அதற்கும் கீழே ஆளுக்கொரு துண்டு நிலத்தோடு நாங்கள். பணிமனைச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு நிறம் அடித்திருக்கும். அந்த நிறத்துக்குள் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் இலக்கம் உண்டு, இலக்கத்துக்கு என் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. யார் கல்யாணம் கட்டினாள், யாருக்கு நாள் தள்ளிப்போனது, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி, எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும். இப்போது உங்கள் கையில் டெப் கொடுத்திருக்கிறார்கள், விரலால் தட்டினால் வருகிறது. எங்களுக்குத் தடித்த கொப்பிதான். எதுவாக இருந்தாலும் அது நல்ல ஏற்பாடு. அந்த ஏற்பாடு காப்பாற்றிய தாய்மாரை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். குறை அதில் இல்லை, அதைக் கையில் வைத்திருந்த என்னில்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்தால் தகப்பன் அப்போதே அவளுக்கு வீடு கட்ட யோசிப்பார். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெற்றவர்கள் அதே வளவுக்குள் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். மகன் கட்டினால் அவன் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவான், அங்கேயுள்ள மிஸ்ஸி, எங்களை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவனுடைய பெஞ்சாதியைப் பார்த்துக்கொள்வாள். இது எனக்குப் பெரிய வசதியாகிப் போயிற்று. ஒரு வீட்டுக்குப் போனால் மகளைப் பற்றிக் கேட்டால் போதும். மகன் எங்கே என்று கேட்டால் கொழும்பில், கட்டாரில், வட்டைக்குள் என்று ஏதாவது சொல்வார்கள். எனக்கு அது தேவையில்லை. பழம் தின்று கொட்டை போட்டவள் அல்லவா நான், பதிவேட்டைத் திறக்காமலே வீட்டுக்கு வீடு சொல்வேன்.

அந்த வருடம் எங்களுக்கு வந்த டொக்டர் பதுளைப் பக்கத்து மலையகப் பிள்ளை. என் மகளைவிட இரண்டு வயது கூட, அவ்வளவுதான். முதல் மாதாந்தக் கூட்டத்தில் என்னுடைய கணக்குகளைப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸி, வீட்டு மகன் கல்யாணம் பண்ணினா அந்தப் பொண்ணை எந்தப் பக்கத்துல எழுதுவீங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டொக்டர், இஞ்ச பொம்புள வாறதில்ல, மாப்புள்ளதான் போறது" என்றேன். மேசையைச் சுற்றி இருந்த எல்லாரும் சிரித்தார்கள். டொக்டரும் சிரித்தார். அவருடைய ஊரில் பெண்தான் போவதாம். ஊர் புதிது, பிள்ளை போகப் போகப் பழகிக்கொள்ளும் என்று நினைத்தேன். எனக்குப் பாடம் சொல்ல வந்த கேள்வி அது என்று அப்போது விளங்கவில்லை.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

கிளினிக் முடிகிற நேரம். நிறை போடும் தராசை மடித்தாயிற்று, கடைசித் தாய்க்கு அட்டையையும் கொடுத்து அனுப்பியாயிற்று. பின்னேரத்துக்குள் மாத அறிக்கை பணிமனைக்குப் போக வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஒரு பிள்ளை நிற்கிறாள். மெலிந்த உடம்பு, வயிறு மட்டும் தெரிகிறது. செருப்பைக் கையில் வைத்திருக்கிறாள், கால் கணுக்கால் வரைக்கும் சேறு. பத்தொன்பது, இருபது வயது இருக்கும். கையில் அட்டை இல்லை. பார்த்ததும் எனக்கு ஏழு மாதம் என்று விளங்கிற்று.

அந்த அரை நிமிடத்தில் என் தலைக்குள் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். கர்ப்பிணிகளைப் பதிவதில் இரண்டு நிரல் உண்டு, உங்களுக்குத் தெரியும். நேரத்துக்குப் பதிந்தவர்கள் ஒன்றில், பிந்திப் பதிந்தவர்கள் மற்றதில். என்னுடைய பிந்திய நிரல் பல மாதமாக வெறுமையாக இருந்தது. கூட்டத்தில் அதைக் காட்டித்தான் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். இந்தப் பிள்ளையைப் பதிந்தால் அதில் ஒன்று விழும். அதுவும் அறிக்கை அனுப்புகிற அன்றைக்கு. ஏழு மாதம் வரை எங்கே இருந்தீர்கள் என்று எழுத்தில் விளக்கமும் கொடுக்க வேண்டும்.

எங்கே இருக்கிறீர்கள் மகள் என்று கேட்டேன். வட்டைக்குள், வாடியில் என்றாள். எங்கள் வட்டையை நடுவால் அறுத்துக்கொண்டு ஒரு பெரிய வாய்க்கால் போகிறது. அதுதான் வரைபடத்தில் என் எல்லை. வாய்க்காலுக்கு இஞ்சாலயா, அங்காலயா என்று கேட்டேன். அங்கால என்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"அப்ப இது உங்கட கிளினிக் இல்ல மகள். அந்தப் பக்கத்து மிஸ்ஸிட்டப் போங்க, அவ நல்ல வடிவாப் பார்ப்பா."

அவள் "சரி மிஸ்ஸி" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பெயரைக்கூட நான் கேட்கவில்லை. பிறசர் பார்க்கும் எந்திரம் மேசையில் திறந்தபடி இருந்தது. கிளினிக் வாசலுக்கு வந்த கர்ப்பிணியை எந்தப் பக்கமாக இருந்தாலும் பார்க்காமல் அனுப்பக் கூடாது, முதலில் பார், பிறகு அனுப்பு என்பது எனக்குத் தெரியாத விசயமா? எத்தனையோ பேருக்கு நானே படிப்பித்திருக்கிறேன். பின்னேரம் அந்தப் பக்கத்து மிஸ்ஸிக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடலாம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அறிக்கை எழுதுகிற அவசரத்தில் அதுவும் மறந்துபோயிற்று. பிந்திய நிரல் அந்த மாதமும் வெறுமையாகத்தான் போனது.

ஒரு மாதம் போயிருக்கும். மார்கழி மழை நாலு நாளாக விடாமல் அடித்தது. பாதை ஓடவில்லை. நான் வீட்டுக்குப் போக முடியாமல் சுகாதார நிலையத்து விடுதியிலேயே தங்கியிருந்தேன். காலை ஒன்பது மணிக்கு அந்தப் பக்கத்து மிஸ்ஸியிடம் இருந்து கோல் வந்தது. அவளுக்கு நிரோஜா என்று பெயர் வைத்துக்கொள்வோம். வேலைக்கு வந்து இரண்டாம் வருடம், இன்னும் நிரந்தரமாக்கவில்லை. யாரோ ஒரு பொடியன் சுவரில் எழுதியிருந்த அவளுடைய நம்பரைப் பார்த்துக் கோல் எடுத்திருக்கிறான். பெஞ்சாதிக்கு எட்டு மாதமாம், இரண்டு நாளாகத் தலையிடியாம், காலையில் இருந்து கண் மங்குகிறதாம். இருப்பது வட்டைக்குள் வாடியில். நிரோஜாவின் பக்கத்துத் தாம்போதிப் பாலத்துக்கு மேலால் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பாய்கிறது, போகவே ஏலாது. என் பக்கத்தால் வாய்க்கால் மதகுக்கு மேலே உழவு மெசின் போகும் என்று சொல்கிறார்களாம்.

"என்ர பக்கம்தான் அக்கா. ஆனா அந்தப் புள்ளைய எனக்குத் தெரியவே தெரியா" என்றாள். அழுகிற குரல்.

எனக்குத் தெரிந்தது. வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அதே பிள்ளைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொடியன் யாருடைய மகன் என்று கேட்டேன். பூமணி மகன் என்றாள். அது இன்னொரு அடி. பூமணி அக்காவின் வீடு என் பதிவேட்டில் இருந்தது. இரண்டு கிழமைக்கு முதல்தான் அங்கே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு, அந்த வருடம் கல்யாணம் கட்டின மகளைப் பற்றி எல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தேன்.

பூமணி அக்காவின் தம்பியிடம் மெசின் இருந்தது. நான் குடையோடு ஓடிப் போய் விசயத்தைச் சொன்னதும் அவர் ஒன்றும் கேட்காமல் மெசினைக் கிளப்பினார். பூமணி அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருமகள் என்ற சொல் என் வாயில் வந்ததும் அவருடைய முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். ஒரு பாயும் தலையணையும் பிளாஸ்டிக் விரிப்பும் கொண்டுவந்து மெசினுக்குப் பின்னால் பூட்டியிருந்த பெட்டிக்குள் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துத் தானும் ஏறினார்.

வாடி கொஞ்சம் மேட்டில் இருந்தபடியால் தண்ணீர் உள்ளே வரவில்லை. அந்தப் பிள்ளை, அவளை வதனி என்று எழுதுகிறேன், சாக்குக் கட்டிலில் கிடந்தாள். முகம் வீங்கி, நான் அன்றைக்குக் கண்ட பிள்ளையா என்று இருந்தது. காலடிச் சத்தத்துக்குக் கண்ணைத் திறந்தாள். ஆளைத் தெரியவில்லை. ஆர் என்று கேட்டாள். மிஸ்ஸி வந்திருக்கிறேன் என்றேன்.

"அந்தப் பக்கத்து மிஸ்ஸியா?"

நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அதுதான் எனக்கு மிகவும் சுட்டது.

பிறசர் பார்த்தேன். இலக்கத்தை இங்கே எழுதிப் பயன் இல்லை, நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன். வலிப்பு எந்த நேரமும் வரலாம், வந்தால் தாயும் பிள்ளையும் போகலாம். வாடியைச் சுற்றி நின்ற வயல்காரர்கள் அவளைத் தூக்க வேண்டாம் என்றார்கள். மெசின் குலுக்கலில் ஏதாவது ஆகிவிடும், பிரதேச செயலகத்தில் இருந்து படகு அனுப்புகிறார்களாம், ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடுமாம், அதில் அலுங்காமல் கொண்டுபோகலாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. என் மனமும் படகுப் பக்கம் சாய்ந்தது. உண்மையைச் சொன்னால், மெசினில் ஏற்றி வழியில் ஏதாவது நடந்தால் அது என் தலையில் விழும், படகு பிந்தினால் படகுக்காரன் தலையில் விழும் என்ற யோசனையும் உள்ளே எங்கேயோ ஓடியது. பயம் வந்தால் மூளை இப்படித்தான் பாதுகாப்பான மூலை தேடும். உங்களுக்கும் தேடும், அப்போது அதைக் கண்டுகொள்ளுங்கள்.

டொக்டருக்குக் கோல் எடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"படகை நீங்க கண்ணால பார்த்தீங்களா மிஸ்ஸி?"

இல்லை என்றேன். அப்படியென்றால் ஏற்றுங்கள் என்றார். எந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு என்று கேட்டேன், பழக்கம் விடுமா? ஒப்பரேசன் தியேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு என்றார். பக்கத்தில் உள்ள சின்ன ஆஸ்பத்திரியில் இறக்கிக் கையெழுத்து வாங்கிவிட்டுக் கை கழுவுகிற வேலை வேண்டாம், சந்திவரைக்கும் கொண்டுவாருங்கள், அம்புலன்ஸோடு தானே அங்கே நிற்பதாகச் சொன்னார். பேப்பர் வேலையெல்லாம் பிறகு பார்ப்போம் என்றார். என் மகள் வயதுப் பிள்ளை. குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

வதனியின் புருசனும் மெசின்காரரும் பாயோடு அவளைத் தூக்கி ஏற்றினார்கள். பாதி வழியில் வலிப்பு வந்தது. அதைப் பற்றி உங்களுக்கு விவரமாக எழுதத் தேவையில்லை, படித்திருப்பீர்கள். நீங்கள் படிக்காதது பூமணி அக்காவை. எட்டு மாதமாக அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காத மனுசி, அவளுடைய தலையைத் தன் மடியில் ஒருபக்கமாகச் சரித்து வைத்துக்கொண்டு, வாயில் இருந்து வந்ததைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து, "புள்ள, கண்ணத் திற புள்ள, மாமி வந்திரிக்கன்" என்று மழைக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். சந்தியில் டொக்டர் முழங்கால் தண்ணீரில் நின்றார். ஊசி போட்டு, அம்புலன்ஸில் ஏற்றி, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

வதனி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. பெண் பிள்ளை. நேரத்துக்கு ஒரு பிறசர் பார்த்திருந்தால், இரண்டு குளிசை கொடுத்திருந்தால், அந்தப் பிள்ளை இப்போது பாடசாலைக்குப் போய்க்கொண்டிருக்கும் என்று இன்றைக்கும் நான் நினைப்பேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்வார். அவர் ஆறுதலுக்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரி விறாந்தையில் பூமணி அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். என் குற்றத்தைப் பாதியாகப் பங்கு போட ஆள் தேடினேன் போலும். மருமகள் இருக்கிறதை ஏன் அக்கா எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"நீங்க மகளத்தானே மிஸ்ஸி கேட்டீங்க" என்றார்.

பிறகு ஆறுதலாகக் கதையைச் சொன்னார். மகன் மேசன் வேலைக்குக் கதிரவெளிப் பக்கம் போனவன். அங்கே மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளையோடு பழக்கமாகி, ஒரு நாள் அவளையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். அவளுடைய ஆட்கள் இனி எங்களுக்கு மகளே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இங்கேயோ வீடு மகளுக்கு எழுதிக் கொடுத்த வீடு, புது மருமகன் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மகனையும் ஊர் பேர் தெரியாத பெண்ணையும் எப்படி ஏற்றுவது? மருமகன் வீட்டார் என்ன சொல்வார்கள்? வட்டை வாடியில் கொஞ்ச நாள் இருங்கள், பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார். பார்ப்பதற்கு நாள் வரவில்லை. அழுதார். நானும் அழுதேன், ஆனால் நான் ஏன் அழுகிறேன் என்று அவருக்குச் சொல்லவில்லை.

பிள்ளை இறந்து பிறந்தால் பணிமனையில் ஒரு விசாரணை உண்டு. ஆளைப் பிடிக்க இல்லை, எங்கே தவறியது என்று பார்க்கத்தான் என்று சுற்றறிக்கை சொல்கிறது. மேசைக்கு முன்னால் கதிரையில் இருக்கிறவருக்கு அப்படித் தோன்றுவதில்லை. வதனியிடம் ஆஸ்பத்திரியில் கேட்டு எழுதிய குறிப்பு வந்திருந்தது. எந்தக் கிளினிக்குக்கும் போகவில்லை என்று அவள் சொல்லியிருந்தாள். வாசித்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பெயரை அவள் ஏன் சொல்லவில்லை? தெரியவில்லை. ஆனால் பேப்பரில் விசயம் தெளிவாக முடிந்துவிட்டது. வாடி இருப்பது நிரோஜாவின் எல்லைக்குள். நிரோஜாவின் பதிவேட்டில் அந்தப் பெண் இல்லை. நிரோஜா தேடிப் போகவில்லை. நான் வெள்ளத்துக்குள் மெசினில் போய்த் தாயைக் காப்பாற்றியவள். எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுக்கலாமா என்றுகூடப் பிராந்தியப் பணிமனையில் கதைத்தார்களாம்.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனைக்கு இருந்தேன். நாங்கள் மெதடிஸ்ட். பாவ அறிக்கை சொல்லும் இடம் வந்தது. எல்லாரோடும் சேர்ந்து சொல்ல வாய் வரவில்லை. இந்தச் சபைக்கு முன்னால் சொல்லி என்ன, சொல்ல வேண்டிய இடம் வேறு என்று பட்டது.

திங்கட்கிழமை நிரோஜா மேசைக்கு முன்னால் கதிரை நுனியில் இருந்தாள். பிராந்தியப் பணிமனையில் இருந்து வந்த பெரிய டொக்டர் கேட்டுக்கொண்டு போனார். வட்டைக்குள் கடைசியாக எப்போது போனீர்கள்? வாடிகளுக்குக் கணக்கு இருக்கிறதா? இந்தப் பெண்ணைப் பற்றி யாரிடமாவது விசாரித்தீர்களா? அப்படி ஒரு பிள்ளை இருக்கிறாள் என்று யாராவது சொல்லியிருந்தால் போயிருப்பேன் டொக்டர் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். இன்னும் நிரந்தரம் இல்லாதவள் என்று எழுதினேனே, அவளுடைய வேலையே போகக்கூடிய விசயம் அது. நான் அவளுக்கு இடது பக்கத்தில் இருந்தேன். வாயைத் திறக்க வேண்டும் என்று வீட்டில் இருந்தே முடிவு எடுத்துக்கொண்டுதான் வந்தேன். ஆனாலும் அவள் மூன்று கேள்விக்குத் தலை குனியும் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று கேள்வியையும் என் கணக்கில்தான் போட வேண்டும்.

நாலாவது கேள்வி, அந்தப் பெண் எந்தக் கிளினிக்குக்காவது வந்தாளா என்பது.

"வந்தவ டொக்டர். என்னட்ட வந்தவ. நான்தான் திருப்பி அனுப்பினது" என்றேன்.

பெரிய டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, மிஸ்ஸி, இது எழுத்தில் வரும், யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். பிந்திய நிரலைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கள் டொக்டர் கூட்டம் முடிகிற நேரம் அங்கே இருந்த மற்ற மிஸ்ஸிமார் எல்லாரையும் பார்த்து, போன மாதம் வேறு பக்கம் போகச் சொல்லி நீங்கள் அனுப்பினவர்கள் யார் யார் என்று கேட்டார். ஒருத்தி, குடும்பிமலைப் பக்கம் இருந்து வந்த ஒரு தாய் என்றாள். இன்னொருத்தி, சந்தைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்த ஒரு பிள்ளை என்றாள். ஒவ்வொருத்தியிடமும் ஒருத்தி இருந்தாள். அவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். நிரோஜாவை விட்டுவிட்டார்கள். அவள் எனக்கு நன்றி சொன்னாள் என்று நினைக்கிறீர்களா? மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அண்டைக்கே ஒரு கோல் எடுத்திருந்தா நான் ஓடிப் போயிருப்பனே அக்கா என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவளுக்குக் கோபிக்க முழு உரிமையும் இருந்தது. இப்போது நல்லாத்தான் இருக்கிறோம்.

அதற்குப் பிறகு டொக்டர் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார். கிளினிக் மேசையில் இன்னொரு கொப்பி இருக்க வேண்டும். நம் பக்கம் இல்லாதவர்கள் வந்தால் முதலில் பார்க்க வேண்டும், பிறகு பெயரை அதில் எழுத வேண்டும், அந்தப் பக்கத்து மிஸ்ஸிக்கு நம் கையாலேயே கோல் எடுக்க வேண்டும், அவள் கண்டேன் என்று சொன்ன பிறகுதான் பெயருக்கு எதிரே கோடு. வீட்டுக்குப் போனால் மகன்மாரையும் கேட்க வேண்டும். வெள்ளாமைக் காலத்தில் வாய்க்காலுக்கு இரண்டு பக்கத்து மிஸ்ஸிமாரும் ஒன்றாக வாடி வாடியாகப் போக வேண்டும். உங்கள் டெப்பில் இதற்கு இடம் இருக்கிறதோ தெரியாது. இல்லாவிட்டால் ஒரு கொப்பி வாங்கிக்கொள்ளுங்கள், கடையில் இருக்கிறது.

வதனியைப் பார்க்கப் போக எனக்கு ஆறு கிழமை எடுத்தது. வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய நாட்களில் நிரோஜாவே போகட்டும் என்று விட்டேன், வாடி அவளுடைய பக்கம் என்று சாட்டுச் சொல்லி. கடைசியில் வெட்கம்கெட்டுப் போய் நின்றேன். பூமணி அக்கா மகளோடும் மருமகனோடும் கதைத்து, தன்னுடைய சின்ன வீட்டின் முன் அறையை மகனுக்கும் வதனிக்கும் விட்டிருந்தார். தான் குசினியோடு ஒதுங்கிக்கொண்டார். வதனி பின்வளவில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் வீக்கம் வற்றி, பழையபடி மெலிந்துபோய் இருந்தாள். என்னைக் கண்டு, கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

கிளினிக் வாசலில் அவளை அனுப்பியது நான்தான் என்று சொன்னேன். வாடிக்கு வந்ததும் நான்தான், அந்தப் பக்கத்து மிஸ்ஸி என்று பொய் சொன்னதும் நான்தான் என்று சொன்னேன். தெரியும் மிஸ்ஸி, குரலில் தெரிஞ்சது என்றாள். அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்களுக்கு ஏதும் பிரச்சினை வந்திரும் என்று நினைத்தாளாம். என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை. நான் அண்டைக்கு உனக்குச் செய்தது பெரிய பிழை மகள், நீ என்னை ஏசு, என்ன வேண்டுமென்றாலும் சொல் என்றேன்.

அவள் கையில் இருந்த ஈரச் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

"நீங்க ஏசல்லயே மிஸ்ஸி. நீங்க ஏசியிருந்தா நான் அழுதுகொண்டு அங்கயே நிண்டிருப்பன், ஆராவது வந்து என்னெண்டு கேட்டிருப்பாங்க. நீங்க மகள் எண்டு கூப்பிட்டு வடிவாச் சொன்னீங்க. அதான் போயிட்டன்."